ஏழாம் அத்தியாயத்துக்கு நான் எழுதிய கருத்து

1

எங்கள் குழுவில் ஒரு புத்தகத்துக்கு மூன்றே தீர்ப்புகள்தான்: வாங்கு, இரவல் போதும், விடு. நட்சத்திரம், மதிப்பெண் எதுவும் கிடையாது. "இரவல் போதும்" என்றால் படிக்கலாம், ஆனால் வீட்டு அலமாரியில் இடத்தை அடைக்க வேண்டாம் என்று பொருள். "விடு" என்றால் அவ்வளவுதான். அதற்குமேல் அந்தப் புத்தகத்தைப் பற்றி யாரும் மூச்சுவிட மாட்டார்கள்.

குழுவின் பெயர் 'படிச்சாச்சா'. திண்டுக்கல்லிலும் சுற்றுவட்டாரத்திலும் இருக்கிற இருநூறு பேர். ஊரைவிட்டு வெகுதூரம் போய்விட்ட என்னைப் போன்றவர்கள் ஏழெட்டுப் பேர். பேச்செல்லாம் கைபேசியில்தான், ஆனால் புத்தகங்கள் இன்னும் பஸ்ஸில் போகின்றன. "வாங்கு" என்று எழுதியவர் தன் பிரதியைச் சுற்றுக்கு விட வேண்டும் என்பது விதி. வடமதுரையில் ஒருவர் கண்டக்டர் கையில் கொடுத்துவிட்டால், திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் இன்னொருவர் வாங்கி, பேகம்பூரில் ஒரு அத்தர் கடையில் கொண்டுபோய் வைப்பார். அங்கிருந்து பாலசமுத்திரத்துக்கோ ஒட்டன்சத்திரத்துக்கோ அடுத்த பஸ். அந்தக் கடைக்காரர்தான் குழுவை நடத்துகிறார். புனைபெயரும் 'அத்தர்' என்றே வைத்துக்கொண்டார். அவர் கடையில் நாலு நாள் கிடந்த புத்தகத்தைத் திறந்தால் ரோஜா வாசம் வரும் என்கிறார்கள். வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கு மின்நூல்தான். அதில் என்ன வாசம் வரும்?

இன்னொரு விதி, யாரும் சொந்தப் பெயரில் எழுதக் கூடாது. எங்கள் பக்கத்தில் ஒரு புத்தகம் நன்றாக இல்லை என்று ஒருவன் சொன்னால், ஏன் நன்றாக இல்லை என்று யாரும் கேட்பதில்லை. "இவன் யாரு வீட்டுப் பிள்ளை?" என்றுதான் கேட்பார்கள். அதற்குப் பதில் கிடைத்துவிட்டால் புத்தகத்தை மறந்துவிட்டு அவன் மாமனார் வரைக்கும் போய்விடுவார்கள். அந்தத் தொல்லையே வேண்டாமென்றுதான் புனைபெயர். நான் 'ராந்தல்'.

மூன்று வருடத்தில் ராந்தலுக்கு ஒரு மரியாதை வந்திருந்தது. ராந்தல் "விடு" என்றால் பத்துப் பேராவது விட்டுவிடுவார்கள். டென்மார்க்கில் பதினொரு வருடமாக, காற்றாலை இறக்கைகளில் கீறல் இருக்கிறதா என்று தடவிப் பார்க்கும் வேலை எனக்கு. ரொட்டிக் கடையில் நான் ஒரு ரொட்டி கேட்டால் அந்தப் பெண் மூன்று தரம் "என்ன?" என்பாள். கடைசியில் விரலை நீட்டிக் காட்டி வாங்கி வருவேன். இப்படிப்பட்டவன் சொல்லுக்கு ஊரில் இருநூறு பேர் காதைக் கொடுக்கிறார்கள் என்றால் தலை கனக்காதா? எனக்குக் கனத்தது. ஒத்துக்கொள்கிறேன்.

2

போன மாதம், அப்பா இறந்து நாலு வருடம் நிறைந்த வாரத்தில், அத்தர் ஒரு நாவலைப் பரிந்துரைத்தார். எழுதியவர் பெயர் 'தாழை', முதல் புத்தகம். அதன் தலைப்பை இங்கே சொல்லவில்லை. சொன்னால் எங்கள் தெரு எதுவென்று காட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

"யா அல்லா, என்னா எழுத்து! படிச்சு முடிச்சதுலருந்து எனக்குச் சோறு எறங்கல. ராந்தல் தம்பி, நீங்க அவசியம் படிக்கணும். வாங்கு, வாங்கு, வாங்கு" என்று அத்தர் குரல்பதிவு போட்டிருந்தார். அவர் அப்படி மூன்று தரம் சொல்லி நான் கேட்டதில்லை. எழுத்தாளரும் குழுவில் பேசாமல் இருக்கிறாராம், ஞாயிற்றுக்கிழமை இணையக் கூட்டத்தில் கலந்துகொள்வாராம்.

வேலைக்குப் போகும் பஸ்ஸில் படிக்க ஆரம்பித்தேன். சத்துணவுக் கூடத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணின் கதை. அலட்டிக்கொள்ளாத எழுத்து. முட்டையை எண்ணி வைப்பதையும், பள்ளிக்கூடம் விட்டபிறகு காலி அண்டாவின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் தனியாகச் சாப்பிடுவதையும் இரண்டிரண்டு தடவை படித்தேன். ஆறு அத்தியாயம் வரைக்கும் மனசுக்குள் "வாங்கு" என்று எழுதிவிட்டேன். ஏழாவதில் அந்தப் பெண்ணின் அப்பா இறந்துபோகிறார். தம்பி வெளிநாட்டில் இருக்கிறான். வர முடியவில்லை, வீடியோவில் பார்க்கிறான். அப்பாவைத் தூக்குகிற நேரம். அந்த வரிகள் இவை:

"திரை இருட்டாகிவிட்டது. அவள் போனைக் காதில் வைத்துக்கொண்டாள். தம்பி அழுவான் என்று நினைத்தாள். அவன் யாரிடமோ சொன்னான்: 'பத்து நிமிஷத்துல முடிஞ்சிரும்.' அவள் போனை இடுப்பில் செருகிக்கொண்டாள். 'தூக்குங்க' என்றாள்."

நான் இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிவிட்டது. அடுத்ததும் தாண்டிவிட்டது. வெளியே பனி, பஸ்ஸுக்குள் எனக்கு முதுகெல்லாம் வேர்வை. அந்த வாக்கியத்தை உலகத்தில் ஒருவன்தான் சொல்லியிருக்கிறான், அது எனக்குத் தெரியும். 'தாழை' யாரென்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. என் அக்கா ராஜேஸ்வரி வடமதுரைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். எனக்குத் தெரிந்து அவள் மளிகைச் சீட்டைத் தவிர எதுவும் எழுதியதில்லை.

3

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அப்பா இறந்தபோது என் பாஸ்போர்ட் என் கையில் இல்லை. குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிக்கக் குடியேற்ற அலுவலகத்தில் கொடுத்திருந்தேன். விடிந்ததும் அங்கே ஓடினேன். சீட்டு எடுத்து, வரிசை எண் வரும்வரை உட்கார்ந்து, சன்னலுக்குப் போனால் வாய் குழறுகிறது. அப்பா இறந்துவிட்டார் என்பதற்குப் பதிலாக "என் அப்பா முடித்துவிட்டார்" என்று அவர்கள் மொழியில் சொல்லிவிட்டேன். சன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மாள், "எதை முடித்தார்?" என்று சிரித்த முகமாகக் கேட்டாள். புரிந்த பிறகு அவள் முகமும் மாறிவிட்டது. ஆனால் விதி மாறவில்லை. விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றால் பாஸ்போர்ட்டைத் தருவார்கள், பிறகு திரும்பி வரும்போது முதலிலிருந்து தொடங்க வேண்டும். வேலை போய்விடும். நான் திரும்பப் பெறவில்லை. வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த நாள் சனிக்கிழமை. ஊரில் சாயங்காலம் நாலு மணிக்குத் தூக்குவதாக ஏற்பாடு, இங்கே முற்பகல். அக்கா போனைத் தூக்கிப் பிடித்திருந்தாள். அப்பாவின் முகம், மாலை, யார் யாருடையவோ கால்கள். அன்றைக்குப் பன்னிரண்டு மணிக்கு என் மகள் யாழினிக்கு நீச்சல் வகுப்பு. அவளுக்கு அப்போது ஒன்பது வயது. எட்டு மாதம் காத்திருந்து கிடைத்த இடம் அது. மூன்று தடவை வராவிட்டால் அடுத்த பிள்ளைக்குக் கொடுத்துவிடுவார்கள், இரண்டு தடவை ஏற்கெனவே போயிருந்தது. மனைவி மருத்துவமனை வேலைக்குப் போய்விட்டாள். யாழினி பையை மாட்டிக்கொண்டு அறை வாசலில் வந்து நின்று, "அப்பா, போலாமா?" என்றாள். நான் மைக்கை அமர்த்திவிட்டுத் திரும்பி, அவளுக்குப் பதில் சொன்னேன்.

என்ன சொன்னேன் என்பதை மேலே படித்துவிட்டீர்கள். அது யார் காதிலும் விழவில்லை என்று நாலு வருடம் நம்பியிருந்தேன். இரண்டு வருடம் முன்னால் ஊருக்குப் போனபோதுகூட நிமிர்ந்துதான் நடந்தேன். வர முடியாத மகன், பாவம் என்றுதான் எல்லோரும் பார்த்தார்கள். அந்தப் பார்வை எனக்குத் தேவைப்பட்டது.

பஸ்ஸில் படித்த அன்று சாயங்காலம் யாழினியிடம், "தாத்தா செத்த அன்னைக்கு உனக்கு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன். அவளுக்கு இப்போது பதின்மூன்று. நான் தமிழில் கேட்பேன், அவள் டேனிஷில் பதில் சொல்வாள். எங்கள் வீட்டில் பேச்சு இப்படித்தான் நடக்கிறது. அவளும் புத்தகம் படித்துக் கருத்துச் சொல்கிறவள்தான். சொந்தப் பெயரில், முகத்தைக் காட்டி, வாரம் ஒரு வீடியோ. அதில் பாதி எனக்குப் புரிவதில்லை.

அவள் சொன்னதைத் தமிழில் எழுதினால் இப்படி வரும்: "ஞாபகம் இருக்கு. நீ பத்து நிமிஷம்னு சொன்ன. ஆனா இருபது நிமிஷம் ஆச்சு. நான் லேட்டாப் போனேன்."

4

வருத்தப்பட்டிருக்க வேண்டும். எனக்கு வந்தது கோபம். அத்தனை வருடம் ஒரு வார்த்தை கேட்காமல் இருந்துவிட்டு, அச்சடித்துப் பஸ்ஸில் ஏற்றி ஊர் ஊராக அனுப்பிவிட்டாளே என்ற கோபம். அப்படியே உட்கார்ந்து எழுதினேன். அழகாகத்தான் எழுதினேன், அதுதான் கொடுமை.

"ஆறு அத்தியாயங்கள் வரை உண்மையாக இருந்த நாவல் ஏழாவதில் பொய் சொல்லத் தொடங்குகிறது. இப்படி ஒரு மகன் எங்கும் இல்லை. வெளிநாட்டில் வாழ்பவன் இந்தக் கருவிகளிலேயே புழங்குகிறவன். மகளிடம் ஒரு வார்த்தை பேசுவதென்றால்கூட மைக்கை அமர்த்திவிட்டுத்தான் பேசுவான். அக்காவின் காதில் அது விழ வாய்ப்பே இல்லை. வாசகரை அழவைக்க வேண்டும் என்பதற்காக இல்லாததைக் கூட்டி எழுதியிருக்கிறார். ஏதோ சொந்த வன்மத்துக்கு நாவல் என்று பெயர் வைத்திருக்கிறார். விடு."

அனுப்பிவிட்டுக் காப்பி போட்டுக் குடித்தேன். அரை மணி நேரத்தில் குழு இரண்டாகப் பிளந்தது. ஒட்டன்சத்திரம் காய்கறி மண்டிக்காரர் ஒருவர், புனைபெயர் 'முருங்கை', "அப்படிப் போடுங்க ராந்தல். சுத்துல அடுத்தது என் பேருங்க, எடுத்துடுங்க" என்றார். அவர் பின்னாலேயே இன்னும் ஒன்பது பேர் தங்கள் பெயரை எடுக்கச் சொன்னார்கள். வெளிநாட்டுப் பிள்ளைகளின் பெற்றோர்கள் நாலைந்து பேர், "எங்க பிள்ளைக அப்படி இல்ல, இந்தம்மா யாரு இதச் சொல்ல?" என்று ஏறினார்கள். அத்தர் மட்டும் ஒற்றை வரி எழுதினார்: "தம்பி, இதுல உங்களுக்கு ஏன் இம்புட்டு கோவம்னு வெளங்கல."

மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் அக்கா கூப்பிட்டாள். நான் தொழிற்சாலைக்கு வெளியே, சைக்கிள் நிறுத்தும் கொட்டகையில் நின்று எடுத்தேன்.

"ஏலே செல்வம், வேலையா இருக்கியா?"

"இல்லக்கா. சொல்லு."

"ஒரு சங்கதி. சிரிக்கக் கூடாது. நான் ஒரு கத எழுதுனேன். புத்தகமாப் போட்டுட்டாங்க."

"நீயா?" என்றேன். அந்த வியப்பை நான் தயாரித்தது எனக்கே அருவருப்பாக இருந்தது.

"நாந்தேன். மச்சானுக்கு மட்டும்தான் தெரியும். அத ஒரு குரூப்புல ஒருத்தன் கிழிகிழின்னு கிழிச்சுட்டான். ராந்தலாம் பேரு. வாசிக்கிறேன், கேளு."

நான் எழுதியதை அக்கா முழுசாக எனக்கு வாசித்துக் காட்டினாள். பள்ளிக்கூடப் பிள்ளை பாடம் ஒப்பிப்பது மாதிரி, ஒரு எழுத்து விடாமல். நடுவில் ஒரு இடத்தில் சற்று நேரம் நின்றாள். மூச்சு வாங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். வாசித்து முடித்துவிட்டுக் கேட்டாள்:

"நீ நெறையப் படிக்கிறவன். ஒன்னக் கேக்குறேன். அவன் சொல்றது சரியா? நான் பொய்யா எழுதியிருக்கேன்?"

இப்போது சொல்லிவிடலாம் என்று இருந்தது. நாக்கு நுனிவரை வந்தது. கொட்டகையின் தகரத்தில் மழை விழுந்துகொண்டிருந்தது.

"படிச்சுட்டுச் சொல்றேன்க்கா" என்றேன்.

"சரிப்பா. படிச்சுட்டே சொல்லு." அவள் குரல் இறங்கிவிட்டது. "இன்னொரு கதையும் எழுதி வச்சிருக்கேன். ரெண்டு நோட்டு. ஞாயித்துக்கெழம கூட்டத்துல அம்புட்டு பேரும் என்னையப் பொய்க்காரின்னு சொல்லிட்டாங்கன்னா, அது ரெண்டும் வெந்நி அடுப்புக்குத்தான். அம்பத்தாறு வயசுல எனக்கு எதுக்குடா இந்த வேல?"

அவள் வெறும் பேச்சுக்குச் சொல்கிறவள் இல்லை. பத்தாவதில் கணக்கில் தவறியபோது அத்தனை புத்தகத்தையும் வெந்நீர் அடுப்பில் வைத்தவள். அதற்குப் பிறகு படிக்கவே இல்லை. அந்தப் பிடிவாதம் எங்கள் இரண்டு பேருக்கும் அப்பாவிடமிருந்து வந்தது.

5

ஞாயிற்றுக்கிழமை ஊரில் மூன்று மணி, இங்கே பத்தரை. அறுபது பேருக்குமேல் வந்திருந்தார்கள். எங்கள் கூட்டத்தில் யாரும் கேமராவைப் போடுவதில்லை, கறுப்புக் கட்டங்களில் புனைபெயர்கள் மட்டும் இருக்கும். மேல் வரிசையில் 'தாழை'. அதற்கு இரண்டு கட்டம் தள்ளி 'ராந்தல்'. இரண்டு பேரும் ஒரே பந்தியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது.

பேசாமல் இருந்துவிடுவது என்றுதான் உட்கார்ந்தேன். நாலு பேர் திட்டுவார்கள், நாலு பேர் பாராட்டுவார்கள், முடிந்ததும் அக்காவைக் கூப்பிட்டு "நல்லாத்தான்க்கா எழுதியிருக்க, அவன் கெடக்கான்" என்று சொல்லிவிடலாம். அப்படி ஒரு திட்டம். கேவலமான திட்டம்தான்.

அத்தர் வணக்கம் சொல்லி ஆரம்பித்தார். முதலில் கையைத் தூக்கியவர் முருங்கை. என் கட்சிக்காரர்தானே என்று நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தேன்.

"ஏனுங்க ராந்தல், ஒரு சந்தேகமுங்க. நீங்க விடுன்னு போட்டீங்க, நானும் பேர எடுக்கச் சொல்லிட்டனுங்க. அப்பறம் மனசு கேக்காம வாங்கிப் படிச்சுப் பாத்தனுங்க. ஏழாம் அத்தியாயத்த மூணு தடவ படிச்சனுங்க. அதுல 'யாரிடமோ சொன்னான்'னுதானுங்க போட்டிருக்குது. நீங்க 'மகளிடம்'னு எழுதீருக்கறீங்க. அந்தத் தம்பிக்கு மகள் இருக்குதுன்னு புத்தகத்துல எங்கயுமே இல்லீங்களே. உங்களுக்கு எப்படீங்க தெரிஞ்சுது?"

மண்டியில் மூட்டையைப் பிரிக்காமலே உள்ளே சொத்தை இருப்பதைக் கண்டுபிடிக்கிற ஆள் அவர். கிண்டலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

அறுபது கறுப்புக் கட்டங்கள்.

"ராந்தல் தம்பி, லைன்ல இருக்கீங்கள்ல?" என்றார் அத்தர். "ஜவாப் சொல்லுங்க தம்பி."

தப்பிக்க வழி இல்லாமல் இல்லை. 'ஏதோ ஞாபகப் பிசகு, வேறொரு கதையோடு குழப்பிக்கொண்டேன்' என்று ஒரு வரி எழுதினால் போதும், எல்லோரும் நம்பிவிடுவார்கள். சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டு நெட் போய்விட்டது என்றும் சொல்லலாம். கை அதன்மேல்தான் இருந்தது. அப்போது 'தாழை' கட்டத்தின் ஓரத்தில் சின்னதாகப் பச்சை விழுந்தது. அக்கா மைக்கைத் திறந்துவிட்டாள், ஆனால் பேசவில்லை. அவள் வீட்டுக் காற்றாடி ஓடுகிற சத்தம் கேட்டது. அந்த டக் டக் எனக்குத் தெரியும்.

அவள் காத்திருக்கிறாள் என்று புரிந்தது. போன் செய்தபோது அவள் நடுவில் நின்றது 'மகளிடம்' என்ற சொல்லில்தான் என்பதும் அப்போதுதான் புரிந்தது. அவள் மூச்சு வாங்கவில்லை. ராந்தல் யாரென்று அன்றைக்கே அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துகொண்டுதான், "நான் பொய்யா எழுதியிருக்கேன்?" என்று என்னைக் கேட்டிருக்கிறாள்.

கேமராவைப் போட்டேன். மொத்தக் கூட்டத்திலும் என் முகம் மட்டும் பெரிதாக வந்து நின்றது. அதைப் பார்க்க எனக்கே பிடிக்கவில்லை.

"என் பேரு செல்வகுமார்" என்றேன். "சொந்த ஊரு வடமதுரைப் பக்கம். இப்ப டென்மார்க்ல இருக்கேன். அந்தத் தம்பி நாந்தான். எழுதுனது எங்க அக்கா. அவ பொய் எழுதல. நான்தான் பொய் எழுதுனேன்."

யாரோ ஒரு பெண் "அய்யோ" என்றது கேட்டது. அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். என் புத்தி நிறுத்தவிடவில்லை. மன்னிப்புக் கேட்கும்போதும் ஒரு ஓரத்தில் நியாயம் தேடிக்கொண்டிருந்தேன்.

"ஆனா ஒன்னுக்கா. மைக்க அமத்திட்டேன்னு நெனச்சுத்தான் பேசுனேன். கேமராவ அமத்தியிருக்கேன் போல. ஒனக்குக் கேட்டுச்சுன்னு நீ அன்னைக்கே என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல? ஒரு ஆளு காதுல விழுந்தத ஊருக்கே கேக்குற மாதிரி..."

"ஒரு ஆளா?" என்றாள் அக்கா.

அவள் சத்தம் போடவில்லை.

"ஏலே, அன்னைக்கு வீட்டுக்கு முன்னாடி ரேடியோ செட்டு போட்டிருந்தோம். துட்டி வீட்டுக்குப் போடுவோம்ல, அதான். மகன் வர முடியல, அவன் சத்தமாச்சும் அண்ணன் காதுல விழுகட்டும்னு சித்தப்பா சொன்னாரு. செட்டுக்காரரு என் போனுல ஒயரச் சொருகிட்டாரு. வீட்டு வாசல்ல ஒரு ஸ்பீக்கர் கொழா, கோயில் முக்குல ஒரு கொழா. நீ ஒயரப் பாத்திருக்க மாட்ட, அப்பா மொகத்தத்தான் காட்டுனோம். தெரு முச்சூடும் ஒன் அழுகச் சத்தத்துக்குக் காத்திருந்துச்சு. அந்தக் கொழாயிலதான்டா நீ சொன்னது கேட்டுச்சு. தூக்கக் குனிஞ்ச ஆளுக அப்பிடியே நின்னுட்டாங்க."

அக்கா நிறுத்தவில்லை.

"கதையில நான் அந்த ரேடியோ செட்ட எடுத்துட்டேன். அக்காகாரி காதுல மட்டும் விழுந்த மாதிரி வச்சேன். யாழினி பேச்சு இதுல வரக் கூடாதுன்னு 'யாரிடமோ'ன்னு போட்டேன். அப்பறம் நீ 'ஷூவ மாட்டு'ன்னு சொன்ன பாரு, அதையும் எடுத்துட்டேன். நாலு தடவ எழுதி எழுதி நாலு தடவையும் கொறச்சேன். நீ வந்து, இல்லாததக் கூட்டி எழுதிட்டாங்குற."

அதற்குப் பிறகு அவள் கட்டம் மறைந்துவிட்டது. கூட்டத்தைவிட்டுப் போய்விட்டாள். முருங்கை, "மன்னிச்சுக்கோங்க ராந்தல், நான் கேட்டிருக்கப்படாதுங்க" என்று இரண்டு தடவை சொன்னார். அவர் மன்னிப்புக் கேட்கக் கேட்க எனக்கு அவமானம் கூடிக்கொண்டே போனது. அத்தர் கூட்டத்தை முடித்துவிட்டார்.

6

பதினொரு நாள் அக்கா போனை எடுக்கவில்லை. அந்தப் பதினொரு நாளும் நான் நினைத்துக்கொண்டிருந்தது புத்தகத்தைப் பற்றி அல்ல, இரண்டு வருடம் முன்னால் ஊருக்குப் போன அந்த மூன்று வாரத்தைப் பற்றி.

எங்கள் பக்கத்தில் துக்கச் சடங்கு முடிகிற அன்று மகன் தலையில் துணியால் உருமால் கட்டுவார்கள். நான் வராததால் அது நின்றுபோயிருந்தது. இரண்டு வருடம் கழித்துப் போனவனைக் கூப்பிட்டு மனையில் உட்காரவைத்துத் தாய்மாமன் எனக்கு உருமால் கட்டினார். கட்டிவிட்டுத் தலையைத் தடவிக்கொடுத்தார். சித்தப்பா தோட்டத்திலிருந்து இளநீர் வெட்டிக்கொண்டு வந்தார். எதிர்வீட்டு அத்தை தினமும் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள ஒரு வெஞ்சனம் கொடுத்துவிட்டாள். தெருவில் நடந்தால், "வா அப்பு, சாப்டியா, பிள்ள நல்லாப் படிக்குதா?" என்று வீட்டுக்கு வீடு நிறுத்துவார்கள். யாழினியை மடியில் உட்காரவைத்து, அவள் பேசுவது புரியாமலே சிரிப்பார்கள். அத்தனை பேரும் அந்த ஒலிபெருக்கிக் குழாயில் என் குரலைக் கேட்டவர்கள். ஒருவர்கூட ஒரு பார்வையில்கூட அதைக் காட்டவில்லை. நான் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, பாஸ்போர்ட் கதையை வீட்டுக்கு வீடு சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவர்கள் ஒவ்வொரு தடவையும் "அட பாவமே" என்று கேட்டுக்கொண்டார்கள். இதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

கூட்டம் நடந்த அன்று நான் அழுததை யாழினி பார்த்துவிட்டாள். பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தமிழில் கேட்டாள், "என்னாலயா?" அவள் தமிழில் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது. "இல்லடா, அப்பாவால" என்றேன்.

'படிச்சாச்சா'வில் நான் போட்ட கருத்தை அழிக்க வேண்டாம் என்று அத்தரிடம் சொன்னேன். அது கிடக்கட்டும், அதன் கீழே "இதை எழுதியவன் பொய்யன், இதை நம்பி யாரும் புத்தகத்தை விட வேண்டாம்" என்று என் பெயரைப் போட்டு எழுதினேன். இப்போது பேகம்பூர் கடையில் அந்த நாவலுக்குப் பெரிய வரிசை நிற்கிறதாம். நல்ல நாவல் என்பதால் நிற்கிறதா, சண்டை நடந்ததால் நிற்கிறதா என்று அத்தரிடம் கேட்டேன். "ரெண்டும்தான் தம்பி. படிச்சு முடிக்கையில சண்டைய மறந்துருவாங்க" என்றார்.

பன்னிரண்டாம் நாள் அக்கா போனை எடுத்தாள். நான்தான் முதலில் கேட்டேன்.

"அந்த ரெண்டு நோட்டு இருக்காக்கா?"

"இருக்கு. மூணாவது நோட்டு வாங்கியிருக்கேன்."

எனக்கு உயிர் வந்தது. "அடுத்த பதிப்புல அந்த ரேடியோ செட்டப் போட்டுரு. நடந்தத நடந்தபடி எழுது. எனக்கு ஒன்னுமில்ல" என்றேன்.

"அத நான் எழுத மாட்டேன்டா" என்றாள். "நீ என்ன சொன்னாலும் எழுத மாட்டேன். தெரு அம்புட்டும் ஒத்துமையா ஒனக்காக மூடி வச்சிருக்கு. அத நான் ஒடைக்கிறதா? எழுதணும்னா நீ எழுது. ஒன் பேரப் போட்டு எழுது."

அதனால்தான் இதை எழுதினேன். ஊர்க்காரர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து எங்கள் தெருவில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டுங்கள். அன்றைக்கு அந்தக் குழாயில் நீங்கள் கேட்டது சரிதான். அது என் குரல்தான்.